ஒன்ராறியோவில் டி.எஸ்.டபிள்யூ படிக்க விரும்புவோருக்கு: விண்ணப்பம் முதல் முதல் வேலை வரை

புதிதாகக் கனடாவுக்கு வந்து, மனிதருக்கு உதவும் வேலை ஒன்றைத் தேடும் நம்மவர்களின் காதில் முதலில் விழுவது பி.எஸ்.டபிள்யூ, அதாவது தனிநபர் ஆதரவுப் பணியாளர் என்ற பெயர்தான். அதன் பக்கத்திலேயே இன்னொரு படிப்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன் பெயர் டி.எஸ்.டபிள்யூ, அதாவது வளர்ச்சிசார் சேவைப் பணியாளர் டிப்ளோமா. டவுன் நோய்க்குறி, ஓட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றோடு வாழும் மனிதர்களுக்குத் துணைநிற்கும் பணிக்கு ஒன்ராறியோவின் கல்லூரிகள் வழங்கும் பயிற்சி அது. நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன். களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை பழக்குவதும் என் பொறுப்பில் உண்டு. அவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் படிப்படியாக எழுதிவைக்கிறேன்.

1. இது என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பி.எஸ்.டபிள்யூ சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் முடிந்துவிடும். முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர்களின் உடல் பராமரிப்பு அதன் மையம். டி.எஸ்.டபிள்யூ நான்கு பருவங்கள், அதாவது இரண்டு கல்வியாண்டுகள். இதிலும் குளிக்க உதவுவதும் உணவூட்டுவதும் உண்டு. ஆனால் நீங்கள் துணைநிற்கப்போகும் மனிதருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவருக்கு முன்னால் பல பத்தாண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. அவர் வேலைக்குப் போக வேண்டும், பஸ் ஏறப் பழக வேண்டும், நண்பர்களைத் தேட வேண்டும், காதலிக்கவும் கூடும். அந்த வாழ்க்கையை அவரே நடத்துவதற்குத் தேவையான அளவு மட்டும் உதவுவது எப்படி என்பதைத்தான் இரண்டு வருடமும் கற்பிக்கிறார்கள்.

யாருக்கு இந்தச் சேவைகள் உரியவை என்பதை ஒன்ராறியோவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. அறிவாற்றலிலும் அன்றாடச் செயற்பாட்டிலும் கணிசமான குறைபாடு இருக்க வேண்டும்; அது 18 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்; வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முப்பது வயதில் கார் விபத்தில் தலையில் அடிபட்டவர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அவருக்கான சேவைகள் வேறு.

வேலை செய்யும் இடங்களும் பலவகை. நான்கைந்து பேர் சேர்ந்து வாழும், இருபத்துநான்கு மணி நேரமும் பணியாளர் இருக்கும் குழு இல்லங்கள், தனி அடுக்குமாடி வீட்டில் வாழ்பவருக்கு வாரத்தில் சில மணி நேரம் உதவுவது, பகல்நேர நிகழ்ச்சிகள், வேலை தேடிக்கொடுக்கும் பிரிவுகள், பாடசாலை வகுப்பறைகள். ‘பாஸ்போர்ட்’ என்ற அரச நிதியைப் பெறும் குடும்பங்கள் தாங்களே ஒரு பணியாளரை அமர்த்திக்கொள்வதும் உண்டு.

தாதியருக்கு இருப்பதுபோல் உரிமம் வழங்கும் ஒழுங்குமுறைச் சபை இந்தத் தொழிலுக்கு இல்லை. ஆகவே டிப்ளோமா இல்லாமலும் சிலர் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு இரண்டு வருடம் செலவழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நிரந்தர வேலைக்கான விளம்பரங்களில் பெரும்பாலும் இந்த டிப்ளோமாவையோ அதற்கு நிகரானதையோ கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நல்ல மனம் மட்டும் உள்ளவர், தன்னை அறியாமலேயே இன்னொருவரின் வாழ்க்கையைக் கைப்பற்றிவிட முடியும். அதைத் தடுப்பது பயிற்சி.

ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை கிடைத்துவிட்டவர்கள், வேலை செய்துகொண்டே தகுதி பெறும் தொழிற்பயிலுநர் வழியையும் விசாரிக்கலாம்.

2. விண்ணப்பிக்கும் முன் சில வாரங்கள் பழகிப் பாருங்கள்

நம் சமூகத்தில் பலர் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு பெரியவரோடு பத்து நிமிடம்கூடப் பேசிப் பழகியதில்லை. அது அவர்களுடைய குற்றமில்லை. ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டார்கள்; கல்யாண வீட்டுக்குக் கூட்டிவரப்படவில்லை. ஆகவே படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் தொண்டராகப் போய்ப் பாருங்கள். ஒன்ராறியோவின் பல நகரங்களில் ‘கம்யூனிட்டி லிவிங்’ என்ற பெயரில் இவர்களுக்குச் சேவை செய்யும் சங்கங்கள் இருக்கின்றன. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டுப் பயிற்சிகளுக்கும் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள்.

அங்கே ஒன்றைக் கவனியுங்கள். பேச்சு வராத ஒருவர் முன்னால் இருக்கும்போது நீங்கள் யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள், அவரையா, அவரை அழைத்து வந்தவரையா? முதல் நாள் அழைத்து வந்தவரைத்தான் பார்ப்பீர்கள், பெரும்பாலானோர் அப்படித்தான். நான்காவது வாரத்தில் அது மாறியிருந்தால் இந்த வேலை உங்களுக்குப் பொருந்தும்.

3. விண்ணப்பம்

ஒன்ராறியோவின் அரச கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ‘ஒன்ராறியோ கொலிஜஸ்’ என்ற ஒரே இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் வரை குறிப்பிடலாம். ஒரே கல்லூரியில் மூன்றுக்கு மேல் முடியாது. செப்டெம்பரில் தொடங்கும் வகுப்புகளுக்கு பெப்ரவரி 1 முக்கியமான நாள். அதற்குள் வந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படும். பிந்தினால் இடம் மிஞ்சினால்தான் கிடைக்கும்.

கல்வித் தகுதியாகப் பொதுவாகக் கேட்பது உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமாவும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமும். அது இல்லாதவர்கள் 19 வயதை எட்டியிருந்தால் முதிர்நிலை மாணவராக விண்ணப்பிக்கலாம். கல்லூரி ஒரு தேர்வு வைத்துப் பார்க்கும். இலங்கையிலோ இந்தியாவிலோ படித்தவர்கள் தங்கள் சான்றிதழ்களை மதிப்பீடு செய்ய வேண்டிவரலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். கனடியக் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களும் ஓசாப் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க முடியும்.

மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதியைப் பெற, 2024 நவம்பரிலிருந்து, படிக்கும் துறையும் பார்க்கப்படுகிறது. நீங்கள் சேரவிருக்கும் கற்கைநெறி தகுதியுள்ள துறைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள். முகவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

4. களப்பயிற்சிக்கான காகிதங்கள்: இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்

பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தும் ஒரு காகிதம் வராததால் களப்பயிற்சிக்குப் போக முடியாமல் ஒரு பருவம் பின்தங்கிய மாணவர்கள் உண்டு. கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலாவது, எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் தொடர்பான பொலிஸ் சரிபார்ப்பு. நீங்கள் வசிக்கும் பகுதியின் பொலிஸிடம் இதைப் பெற வேண்டும். உங்கள் பிறந்த தேதியும் பாலினமும் பழைய பதிவொன்றோடு தற்செயலாக ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். அது உங்கள் மீதான சந்தேகமில்லை, வழக்கமான நடைமுறைதான். ஆனால் காலம் எடுக்கும்.

இரண்டாவது, தடுப்பூசி விவரங்கள். ஊரில் சிறு வயதில் போட்ட ஊசிகளுக்கு நம்மில் பலரிடம் அட்டை இல்லை. கவலைப்பட வேண்டாம். தட்டம்மை, சின்னம்மை, ஹெப்பட்டைட்டிஸ் பி போன்றவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையிலேயே காட்டிவிடலாம். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். பிறந்தபோது பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு அந்த இடம் தடித்து, நோயே இல்லாமலும் ‘பொசிட்டிவ்’ என்று வரக்கூடும். அப்படி வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். இரண்டு கட்டமாகச் செய்யும் சோதனை என்பதால் இதற்கு மட்டும் சில வாரங்களை ஒதுக்குங்கள்.

மூன்றாவது, முதலுதவியும் சி.பி.ஆர். பயிற்சியும். இது ஒன்றிரண்டு நாள் வேலைதான்.

5. வகுப்பறையில் காத்திருப்பவை

முதல் பருவத்தில் வரலாறு வரும். ‘வேலை பழக வந்த எனக்கு வரலாறு எதற்கு’ என்று அதைக் கடந்துபோகாதீர்கள். ஒரீலியா நகரில் 1876இல் தொடங்கிய அரச நிறுவனம் ஒன்று, பின்னாளில் ஹியூரோனியா பிராந்திய நிலையம் என்ற பெயரில், 2009 வரை இயங்கியது. குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து அங்கே விட்டுவிடும்படி அந்தக் காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 1960 ஜனவரியில் பியர் பேர்ட்டன் என்ற பத்திரிகையாளர் அங்கே நேரில் போய், நெரிசலையும் நாற்றத்தையும் பார்த்து டொரொன்டோ ஸ்டார் நாளிதழில் எழுதினார். அப்படி எழுதிய பிறகும் ஏறக்குறைய ஐம்பது வருடம் அந்தக் கதவுகள் திறந்தே இருந்தன. அங்கே சிறு வயதைக் கழித்த மரீ ஸ்லார்க், பட்ரீஷியா செத் என்ற இரண்டு பெண்கள் முன்னின்று தொடுத்த வழக்கு 2013இல் 35 மில்லியன் டொலர் உடன்பாட்டில் முடிந்தது. அதே வருடம் டிசெம்பரில் மாகாண முதல்வர் கத்லீன் வின் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார்.

இன்று நீங்கள் வேலைக்குப் போகும் குழு இல்லத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் தட்டைக் கையால் அணைத்துக்கொண்டு, யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல் அவசரமாகச் சாப்பிடலாம். அந்த வரலாறு தெரிந்தவர் ‘மெதுவாகச் சாப்பிடுங்கள்’ என்று அதட்டமாட்டார். தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

ஜஸ்டின் கிளார்க் என்பவரின் வழக்கையும் கட்டாயம் படியுங்கள். பெருமூளை வாதத்தோடு பிறந்து இரண்டு வயதிலிருந்து நிறுவனத்தில் வளர்ந்தவர். வாயால் பேச முடியாது. குறியீட்டுப் பலகையைக் காட்டிப் பேசுவார். இருபது வயதானபோது வெளியே வந்து நண்பர்களோடு வாழ விரும்பினார். அவருடைய தந்தை, முடிவெடுக்கும் தகுதி மகனுக்கு இல்லை என்று நீதிமன்றம் போனார். 1982 நவம்பரில் நீதிபதி ஜோன் மதீசன் மகன் பக்கம் தீர்ப்பளித்தார். தந்தை கெட்டவரில்லை, மகனுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்தவர். நம் குடும்பங்களில் நான் பார்ப்பதும் அதே பயத்தைத்தான்.

*ஒரு கோப்பை தேநீர்*

கற்பிக்கும் முறைகளைப் பற்றிய பாடத்தில் ஒரு செயலைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கப் பழக்குவார்கள். தேநீர் போடுவதை எடுத்துக்கொள்வோம். கேத்தலைக் கையில் எடுப்பது, மூடியைத் திறப்பது, குழாயடிக்குக் கொண்டுபோவது, குறி வரை நீர் பிடிப்பது, மூடுவது, அடித்தட்டில் வைப்பது, பொத்தானை அழுத்துவது, காத்திருப்பது... எழுதிப் பார்த்தால் இருபது படிகளாவது வரும். இதில் எந்தப் படியில் அந்த மனிதர் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. பத்தொன்பது படிகளைத் தானே செய்யக்கூடியவருக்கு, ஒரு மூடி இறுக்கமாக இருப்பதால், வருடக்கணக்கில் பிறர் தேநீர் போட்டுக் கொடுத்துவந்திருக்கலாம். மூடியில்லாத கேத்தல் ஒன்று வாங்கினால் விஷயம் முடிந்தது.

உதவியிலும் படிகள் உண்டு. முதலில் காத்திருங்கள். பிறகு கண்ணாலோ விரலாலோ காட்டுங்கள். அப்புறம் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்களே செய்து காட்டுங்கள். கையைத் தொட்டு உதவுவது கடைசி. இதில் மிகக் கடினமானது முதற்படிதான். பத்து நொடி சும்மா நிற்பது எவ்வளவு நீளமான நேரம் என்று அப்போதுதான் தெரியும். நம் வளர்ப்பில் அன்பு என்றால் ஊட்டிவிடுவது, முந்திக்கொண்டு செய்துகொடுப்பது. தமிழ் மாணவர்களுக்கு இந்தப் பத்து நொடி மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுடுகிறது என்பது என் கணிப்பு.

சில செயல்களைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது நல்லது. சட்டைப் பொத்தான்களில் கடைசி ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுவையுங்கள். முடித்த மகிழ்ச்சி முதல் நாளே அவருக்குக் கிடைத்துவிடும். அது பழகியதும் கடைசி இரண்டை விடுங்கள்.

*நடத்தை எதையோ சொல்கிறது*

அடித்தார், கடித்தார், தலையைச் சுவரில் மோதினார். இவற்றைப் பார்த்ததும் ‘அவருடைய சுபாவமே அப்படித்தான்’ என்று முடிவுகட்டும் பழக்கத்தை உடைப்பதற்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் பதிவு செய்யச் சொல்வார்கள். சில வாரப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியவரும். சத்தம் கூடும்போது, பசிக்கும்போது, புதியவர் வேலைக்கு வரும் நாளில் என்று.

ஆனால் இந்தப் பதிவுகளைத் தொடங்கும் முன் உடம்பைப் பாருங்கள். வார்த்தை இல்லாதவருக்கு வலி வந்தால் அதை நடத்தையில்தான் காட்ட முடியும். திடீரெனத் தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கியவருக்குக் காதில் சீழ் இருக்கலாம், பல் சொத்தையாக இருக்கலாம். எல்லாவற்றையும் குறைபாட்டின் தலையில் போட்டு, பின்னால் இருக்கும் நோயைத் தவறவிடுவது மருத்துவர்களிடமும் நடக்கிறது. ‘நேற்று வரை இப்படி இல்லை’ என்று சொல்லும் சாட்சி நீங்கள்தான். அந்த இடத்தில் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

ஆளைப் பிடித்து அடக்குவதற்குச் சட்டமும் ஒழுங்குவிதிகளும் கடுமையான வரையறைகள் வைத்திருக்கின்றன. ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைச் செய்யலாம்.

*உயிரைப் பறிக்கும் நான்கு*

இந்தத் துறையில் நான்கு விஷயங்களைச் சேர்த்தே சொல்வார்கள்: உணவு மூச்சுக்குழலுக்குள் போவது, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, வலிப்பு. நான்கும் சாதாரணமாகத் தெரிவதால்தான் ஆபத்தானவை. மலச்சிக்கலால் ஒருவர் இறக்க முடியும் என்பதை நம்மில் பலர் நம்பமாட்டோம், முடியும். அதனால்தான் குழு இல்லங்களில் மலம் கழித்த நாளைக்கூட எழுதிவைக்கிறார்கள். முகம் சுளிக்காமல் எழுதுங்கள்.

விழுங்கச் சிரமப்படுவோருக்கு உணவையும் பானத்தையும் எவ்வளவு மென்மையாகவும் தடிப்பாகவும் தயாரிக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரையான சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. நான்காம் நிலை என்று எழுதியிருந்தால் கட்டியில்லாத மசியல். ‘ஒரு துண்டு கேக்தானே’ என்ற இரக்கம் அங்கே உயிரோடு விளையாடுவது.

வலிப்பு வந்தால் நேரத்தைக் குறியுங்கள், சுற்றியிருக்கும் கூரான பொருட்களை அகற்றுங்கள், தலைக்குக் கீழே மென்மையாக எதையாவது வையுங்கள், அவரை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்ப் பழக்கம். அதால் எந்தப் பயனும் இல்லை. அவருக்கென்று தனியான வலிப்புத் திட்டம் எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 911.

டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு மறதிநோய் மிக முன்னதாகவே வரக்கூடும். அந்த நோயோடு தொடர்புடைய புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது; இவர்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல். நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒருவர் தெரிந்த வழியை மறக்கத் தொடங்கினால் ‘சோம்பேறித்தனம்’ என்று நினைத்துவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. குறிப்பு எழுதப் பழகுங்கள்

ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் நமக்கு இதுதான் பெரிய பயம். உண்மையில் இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினால் போதும். புதிய மாணவர் ஒருவர் இப்படி எழுதுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘மாலையில் மோசமான மனநிலையில் இருந்தார். காரணமில்லாமல் ஆத்திரப்பட்டு என்னைத் தாக்க வந்தார்.’

இதையே இப்படி எழுதலாம்:

‘மாலை 5:10. சாப்பாட்டு மேசையில் இருந்தார். பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் சத்தம் கூடியது. இரண்டு காதுகளையும் பொத்தினார். சாப்பிடும்படி நான் இரண்டு முறை சொன்னேன். தட்டைத் தள்ளினார். எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். தொலைக்காட்சியை நிறுத்தினேன். 5:14க்குத் திரும்பி வந்து அமர்ந்து முழுவதும் சாப்பிட்டார்.’

முதல் குறிப்பைப் படிக்கும் அடுத்த பணியாளர் அவரைக் கண்டு பயப்படுவார். இரண்டாவதைப் படிப்பவர் தொலைக்காட்சியை நிறுத்துவார். முதற்குறிப்பு பத்து வருடம் கோப்பில் கிடந்து, ‘பிறரைத் தாக்கக்கூடியவர்’ என்று ஒரு மனிதருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து மறுக்கக்கூட அவரால் முடியாமல் போகலாம். இந்த வேலையில் நான் எதைப் பற்றியாவது மாணவர்களிடம் விடாப்பிடியாக இருக்கிறேன் என்றால் அது இதைப் பற்றித்தான்.

எழுதியதில் பிழை இருந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் உங்கள் முதலெழுத்துகளை இடுங்கள். மருந்து கொடுத்தால் கொடுத்த பிறகே கையொப்பம். மருந்தைத் தவறவிட்டால் அந்த நிமிடமே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். மறைக்கப்பட்ட தவறுதான் ஆளைக் கொல்லும்.

யாராவது ஒருவரை அடித்தார்கள், அவருடைய பணத்தை எடுத்தார்கள், தகாத முறையில் தொட்டார்கள் என்று கண்டாலோ கேள்விப்பட்டாலோ உடனே தெரிவிக்க வேண்டும். குற்றமாக இருக்கக்கூடிய எதையும் நிறுவனம் உடனடியாகப் பொலிஸிடம் சொல்ல வேண்டும் என்றும், பொலிஸ் விசாரணை முடியும் முன் தன் உள்விசாரணையைத் தொடங்கக்கூடாது என்றும் 2010ஆம் ஆண்டின் 299ஆம் ஒழுங்குவிதி சொல்கிறது. சந்தேகம் இருந்தாலே போதும். நிரூபிப்பது உங்கள் வேலையில்லை. கூட வேலை செய்பவர் நம் ஊர்க்காரர் என்பதால் பார்க்காததுபோல் இருந்துவிடாதீர்கள்.

7. களப்பயிற்சி

நான்கு பருவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் என்று கேட்காமல், உங்களுக்குப் பழக்கமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். பாடசாலை பிடிக்கும் என்பவர் ஒரு பருவமாவது குழு இல்லத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

போன முதல் நாளில் எல்லோருடைய தனிநபர் ஆதரவுத் திட்டத்தையும் படிக்க அனுமதி கேளுங்கள். அவர் எதை விரும்புகிறார், எதற்குப் பயப்படுகிறார், எந்த உணவு ஆகாது, எந்த இலக்கை நோக்கிப் போகிறார் என்பவை அதில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது அது புதுப்பிக்கப்பட வேண்டும். பழைய தேதி போட்டிருந்தால் பணிவாகக் கேளுங்கள். கேட்பதற்காகத்தான் மாணவர் என்ற இடம் உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது.

அவருடைய அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுங்கள். அவருக்கு முன்னால் அவரைப் பற்றி மற்றொரு பணியாளரோடு தமிழில் பேசாதீர்கள். சொற்கள் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது எவருக்கும் புரியும். வயதில் பெரியவரைக் குழந்தையோடு பேசும் குரலில் கொஞ்சாதீர்கள்.

இரகசியம் காப்பதைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். நம் சமூகம் சின்னது. நீங்கள் உதவும் இளைஞரின் பெரியம்மாவைக் கோயிலில் சந்திப்பீர்கள். ‘அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்குதாமே’ என்று தொடங்குவார். பெயர் சொல்லாமல் சொன்னாலும் சொன்னதுதான். பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள்.

ஆனால் பொதுவான தகவலைத் தாராளமாகப் பகிரலாம், பகிரவும் வேண்டும். பெரியவர்களுக்கான சேவைகளுக்கு டி.எஸ்.ஓ. (டெவலப்மென்டல் சர்விசஸ் ஒன்ராறியோ) என்ற அரச நிதியுதவி பெறும் அமைப்பு வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பதினாறு வயதிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம், சேவை பதினெட்டிலிருந்து. குழு இல்லத்துக்கான காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். இது தெரியாமல், பிள்ளை இருபத்தொரு வயதில் பாடசாலையை விட்டு வெளியே வந்த பிறகு திகைத்து நிற்கும் தமிழ்ப் பெற்றோர்கள் இருக்கிறார்கள். தமிழில் இதை விளக்கத் தெரிந்த ஒரு பணியாளர் அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய பலம்.

8. முதல் வேலை

களப்பயிற்சி செய்த இடத்திலேயே வேலை கிடைப்பது வழக்கமான பாதை. தொடக்கத்தில் நிரந்தர முழுநேர வேலையை எதிர்பார்க்காதீர்கள். ‘ரிலீஃப்’ என்ற பெயரில், ஆள் குறையும் நாட்களில் அழைக்கும் வேலைதான் முதலில் வரும். மாலைகள், வார இறுதிகள், விழித்திருக்கும் இரவுப்பணி எல்லாம் அதில் அடங்கும். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் இதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பல நிறுவனங்களில் தொழிற்சங்கம் இருக்கிறது. அங்கே உள்வேலைகளுக்கு மூப்பு வரிசை பார்க்கப்படும் என்பதால், நாலைந்து இடங்களில் சிதறுவதைவிட ஒன்றிரண்டு இடங்களில் மணித்தியாலங்களைச் சேர்ப்பது நல்லது. மற்றவர்களை ஏற்றிப் போகும் வேலைகளுக்கு முழு ஜி வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். படிக்கும்போதே அதை எடுத்துவிடுங்கள்.

நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேட்கலாம். ஒரு பணிநேரத்தில் எத்தனை பணியாளர்கள், தனியாக வேலை செய்யும் நேரம் உண்டா, நள்ளிரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது, தூக்கும் கருவிகள் இருக்கின்றனவா, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா? இவற்றுக்கு முகாமையாளர் தயங்காமல் பதில் சொன்னால் அது நல்ல அறிகுறி. அங்கே வசிப்பவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கேளுங்கள். மனிதர்களாகப் பேசுகிறாரா, நடத்தைப் பிரச்சினைகளின் பட்டியலாகப் பேசுகிறாரா?

நேர்முகத்தில் பெரும்பாலும் ஒரு சூழ்நிலையைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ‘குளிக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வீர்கள்?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. ‘எப்படியாவது சமாதானப்படுத்திக் குளிக்கவைப்பேன்’ என்பது நம் வாயில் முதலில் வரும் பதில். ஏன் மறுக்கிறார் என்று பார்ப்பேன், நீர் குளிராக இருக்கிறதா, வலி இருக்கிறதா, பெண் பணியாளரைத்தான் விரும்புகிறாரா என்று விசாரிப்பேன், வேறு நேரத்தைக் கேட்பேன், அவருடைய திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன், நடந்ததைப் பதிவு செய்வேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

மேலே படிக்க விரும்பினால் வழி இருக்கிறது. ஓட்டிசம், நடத்தை அறிவியல் ஆகியவற்றில் கல்லூரிகள் பட்டதாரிச் சான்றிதழ்கள் நடத்துகின்றன. ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வுகள் பட்டப்படிப்பு, இந்த டிப்ளோமாவை முடித்தவர்கள் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகத் தொடரக்கூடியது. ஆனால் டிப்ளோமா கையில் கிடைத்த சூட்டோடு அங்கே போக வேண்டாம். இரண்டு மூன்று வருடம் வேலை செய்து, எந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்று தெரிந்த பிறகு போய்ச் சேருங்கள்.